கொம்பு இடம் மாறும் வரைபுகள்

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலாளர் பிரிவுகள் இருக்கின்றன. அவற்றின் பெயர்களைக் கிடையச்சில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பட்டை வரையும்படி பைத்தான் மொழியின் மேட்பிளாட்லிப் நூலகத்திடம் சொன்னால், பட்டைகள் ஒழுங்காக வரும்; பெயர்கள் வரமாட்டா. யாழ்ப்பாணம் முதல் மருதங்கேணி வரை எல்லாப் பெயர்களும் ஒரே அளவிலான வெற்றுப் பெட்டிகளாக நிற்கும். கூடவே கறுப்புத் திரையில் ஓர் எச்சரிக்கை ஓடும்: 2991ஆம் வரிவடிவம், அதாவது தமிழ் எழுத்து ய, இந்த எழுத்துருவில் இல்லை. அதன் கீழே 3006, 2996, 3021 என்று இன்னும் பல எண்கள்.

இந்த எச்சரிக்கையைப் பெரும்பாலானவர்கள் வாசிப்பதில்லை. ஆனால் நோயின் பெயரை அது முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறது. 1991இல் வெளிவந்த யூனிகோட் தரத்தில் ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் ஓர் எண் உண்டு. தமிழுக்கு ஒதுக்கிய இடம் 2944 தொடக்கம் 3071 வரை. அதில் ய என்பது 2991. யாழ்ப்பாணம் என்ற சொல்லை மேட்பிளாட்லிப் சரியாகத்தான் வாசித்திருக்கிறது. முதல் எழுத்து எது என்று அதற்குத் தெரியும். அந்த எழுத்தை வரைய அதன் கையில் படம் இல்லை, அவ்வளவுதான். இந்த நூலகம் 2017இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து டெஜாவு சான்ஸ் என்ற எழுத்துருவைத் தன்னோடு சேர்த்தே கொண்டுவருகிறது. இலத்தீன், கிரேக்கம், சிரில்லிக் எல்லாம் அதில் இருக்கின்றன. தமிழ் இல்லை. இல்லாத வடிவத்துக்குப் பதிலாக எழுத்துரு தன் வெற்றுப் பெட்டியைக் கொடுக்கிறது.

மேட்பிளாட்லிப்பை எழுதத் தொடங்கியவர் ஜோன் ஹண்டர் என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைத் திரையில் பார்க்க அவருக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. 2003இல் அது பொதுவெளிக்கு வந்தது. 2012இல், 44 வயதில் அவர் காலமானார். அவர் தொடக்கிய வேலையைத் தன்னார்வலர்கள் தொடர்ந்தார்கள். 2019 ஏப்ரலில் உலகம் பார்த்த முதல் கருந்துளைப் படத்துக்குப் பின்னாலிருந்த கணிப்புகளிலும் இந்த நூலகம் பயன்பட்டது. எண்களை வரைவதில் இவ்வளவு தேர்ந்த ஒரு கருவி எழுத்துகளை வரைவதில் பின்தங்கி நின்றதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. மூளை அலை வரைபுக்கு வேண்டியவை எண்களும் சில ஆங்கிலச் சொற்களும் கணிதக் குறிகளுமே. எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக இடமிருந்து வலமாக நிற்கும் என்ற எண்ணம் அடித்தளத்திலேயே பதிந்துவிட்டது.

பெட்டியை நீக்குவது எளிது. தமிழ் வடிவங்கள் உள்ள ஓர் எழுத்துரு வேண்டும்: கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ், ரெட் ஹாட் வெளியிட்ட லோகித் தமிழ், விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் நிர்மலா யூஐ அல்லது பழைய லதா. அதை நிறுவி, அதன் பெயரை நூலகத்துக்குச் சொல்லிவிட்டால் போதும். இங்கே சறுக்கும் இடங்கள் இரண்டு. கோப்பின் பெயரை எழுத்துருவின் பெயராக எண்ணி எழுதுவது முதலாவது. கோப்பின் பெயரில் இடைவெளி இல்லாமல் ஒட்டி, கடைசியில் ரெகுலர் என்று முடிந்திருக்கும். எழுத்துருவின் உள்ளே பதிந்த குடும்பப் பெயரோ இடைவெளிகளோடு வேறாக இருக்கும். சந்தேகம் இருந்தால் கோப்பின் பாதையை எழுத்துரு மேலாளரிடம் கொடுத்து, இதன் பெயர் என்ன என்று அதையே கேட்கலாம். இரண்டாவது, நினைவகக் கோப்பு. மேட்பிளாட்லிப் கணினியிலுள்ள எழுத்துருக்களை ஒருமுறை பட்டியலிட்டு ஒரு கோப்பில் சேமித்துக்கொள்கிறது. புதிதாக நிறுவியது அந்தப் பழைய பட்டியலில் இராது. அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம், அல்லது எழுத்துருக் கோப்பை நிரலுக்குள்ளேயே நேரடியாகச் சேர்க்கலாம். இணையவழிக் கணினிகளில் வேலை செய்பவர்களுக்கு இரண்டாவது வழிதான் ஏற்றது, ஏனெனில் வீட்டு மடிக்கணினியில் நிறுவிய எழுத்துரு அங்கே இல்லை.

தமிழ் வந்ததும் எண்கள் காணாமற் போவதும் உண்டு. சில தமிழ் எழுத்துருக்களில் இலத்தீன் எழுத்துகளும் 0 முதல் 9 வரையான எண்களும் கிடையா. சிலவற்றில் எண்கள் இருக்கும், ஆனால் கழித்தற்குறி இராது. மேட்பிளாட்லிப் கழித்தலுக்கு விசைப்பலகையிலுள்ள சிறுகோட்டை எழுதுவதில்லை. 8722 என்ற தனிக் குறியை எழுதுகிறது. எனவே மறை எண்களுக்கு முன்னே மட்டும் பெட்டி தோன்றும். 2022இல் வந்த 3.6 பதிப்பிலிருந்து எழுத்துருக்களை வரிசையாகக் கொடுக்க முடிகிறது. தமிழ் எழுத்துருவை முதலாவதாகவும் டெஜாவுவை இரண்டாவதாகவும் எழுதினால், முதலாவதில் இல்லாததை இரண்டாவதிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதற்கு முந்திய பதிப்பு வைத்திருப்பவர்கள் அந்தத் தனிக் கழித்தற்குறியை நிறுத்திவைக்க ஓர் அமைப்பு இருக்கிறது.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அப்படி நினைப்பதற்குக் காரணம் அவர்கள் தட்டிப் பார்க்கும் சொற்கள். புதிய எழுத்துருவைச் சோதிக்க ஒருவர் என்ன எழுதுவார்? தமிழ் என்று எழுதுவார். வணக்கம் என்று எழுதுவார். ஊரின் பெயர் யாழ்ப்பாணம் என்று எழுதுவார். மூன்றும் திரையில் ஒழுங்காகத் தெரியும். பிறகு 15 பிரிவுகளையும் வரைபில் போட்டதும் குழப்பம் தொடங்கும். நெடுந்தீவின் ஒற்றைக் கொம்பு ந எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் நிற்கும். கோப்பாய், வேலணை, தெல்லிப்பழை, கரவெட்டி, சாவகச்சேரி, மருதங்கேணி எல்லாவற்றிலும் கொம்பு இடம் மாறியிருக்கும். ஊர்காவற்றுறை, பருத்தித்துறை, காரைநகர், சங்கானை ஆகியவற்றில் சங்கிலிக்கொம்பு தன் எழுத்தைத் தாண்டிப் பின்னே போயிருக்கும். எண்ணிப் பார்த்தால் 15இல் 11 பெயர்கள் கொம்பினால் கெடுகின்றன. உடுவிலில் டு, நல்லூரில் லூ இரண்டும் ஒட்டாமல், உயிர்க்குறி தனியாகத் தொங்கும். சண்டிலிப்பாயில் ட எழுத்தோடு சேர வேண்டிய இகர விசிறி விலகி நிற்கும். ஏறத்தாழ முழுமையாகத் தப்புவது யாழ்ப்பாணம் ஒன்றுதான். குறையைக் கண்டுபிடிக்கும் முயற்சியில், குறையே காட்டாத சொல்லைத்தான் எல்லாரும் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இது இரண்டாவது நோய். முதலாவதோடு இதற்கு ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே வரைபில் அடுத்தடுத்துத் தோன்றுவதால், எழுத்துருவை மாற்றினால் இதுவும் தீரும் என்று நோட்டோவை விட்டு லோகித், லோகித்தை விட்டு லதா என்று மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் பலர். எத்தனை யூனிகோட் எழுத்துருவை மாற்றினாலும் தீராது. பெட்டி வந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். கொம்பு இடம் மாறினால் எழுத்துரு இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் அறிவு நடுவில் எங்கோ இல்லை என்று பொருள்.

அந்த நடுவிடத்தைக் கிட்ட நின்று பார்க்க, குடாநாட்டுக்குச் சற்றுத் தெற்கே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கும் கிளிநொச்சியின் பெயரை எடுத்துக்கொள்ளலாம். வாசிப்பவருக்கு அதில் ஐந்து எழுத்து: கி, ளி, நொ, ச், சி. பைத்தானிடம் இந்தச் சொல்லின் நீளம் கேட்டால் 10 என்று விடை வரும். க 2965, அதன் விசிறி 3007, ள 2995, மறுபடி 3007, ந 2984, ஒகரக் குறி 3018, ச 2970, புள்ளி 3021, மறுபடி ச, மறுபடி விசிறி. கணினியில் சொல் இப்படித்தான் சேமிக்கப்படுகிறது: முதலில் மெய்யின் எழுத்து, பிறகு அதன் உயிர். உச்சரிக்கும் வரிசை இது. அகரவரிசைப்படுத்தவும் தேடவும் இது மிக வசதி. ஆனால் தாளில் எழுதும் வரிசை வேறு. நொ எழுதும்போது முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு ந, பிறகு அரவு. 3018 என்ற ஒரே எண், வரையும்போது இரண்டாகப் பிரிந்து ந எழுத்தின் இரண்டு பக்கமும் போய் நிற்க வேண்டும்.

யார் பிரிப்பது? எழுத்துருக் கோப்பினுள்ளே வரிவடிவங்களோடு சில அட்டவணைகளும் இருக்கின்றன. ம எழுத்தும் உகரக் குறியும் சேர்ந்து வந்தால் இரண்டையும் விட்டுவிட்டு மு என்ற மூன்றாவது வடிவத்தை எடு, புள்ளியை இந்த எழுத்தின் தலையில் இந்த இடத்தில் வை என்பன போன்ற கட்டளைகள் அங்கே எழுதப்பட்டிருக்கும். கொம்பை முன்னே நகர்த்துவது போன்ற, மொழி முழுவதற்கும் பொதுவான வேலைகளையும் செய்து, இந்த அட்டவணைகளையும் வாசித்து நடத்த ஒரு மென்பொருள் வேண்டும். வடிவமைப்பி என்று அதைச் சொல்லலாம். இன்று உலகில் அதிகம் ஓடுவது ஹார்ஃபஸ் என்ற திறந்த மூல வடிவமைப்பி. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்ட், லிப்ரே ஆபிஸ் எல்லாவற்றிலும் தமிழ் ஒழுங்காகத் தெரிவது அதனால்தான். மேட்பிளாட்லிப் நெடுங்காலம் அந்தப் படியைத் தாண்டிவிட்டே போனது. சொல்லிலிருந்து எண்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஃபிரீடைப் என்ற நூலகத்திடம் கொடுத்து, 2984க்கு ஒரு படம் தா, 3018க்கு ஒரு படம் தா என்று கேட்டு, வந்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியது. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழுக்குப் போதாது, சிங்களத்துக்கும் இந்திக்கும் அரபுக்கும் போதாது.

இயந்திரத்தில் தமிழை அடக்கும் இந்தச் சிக்கலை முதலில் அவிழ்த்தவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர். 1886இல் சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூருக்குப் போய்த் தொழில் பார்த்த ஆர். முத்தையா வடிவமைத்த தமிழ்த் தட்டச்சுப் பொறி ஜெர்மனியில் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தது. தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி விசை வைத்தால் பொறி மேசையளவு பெருத்துவிடும். அவர் எழுத்துகளைக் கூறுகளாகப் பிரித்து, சில கூறுகளுக்கு நகரா விசை வைத்தார். அந்த விசையை அழுத்தினால் குறி தாளில் பதியும், ஆனால் உருளை நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில், குறிக்குக் கீழே வந்து உட்காரும். கொம்பை எழுத்துக்கு முன்னே அடிப்பார்கள், அரவைப் பின்னே அடிப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் வரிசைதான் விரலின் வரிசையும். வடிவமைக்கும் அறிவு முழுவதும் தட்டச்சரின் விரலில் இருந்தது.

கணினி வந்தபோது இலங்கையில் ஊன்றிய பாமினி எழுத்துரு அதே வழியில்தான் நடந்தது. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார்த்திய எழுத்துரு அது. பாமினியில் யாழ்ப்பாணம் என்று அடிப்பவர் உண்மையில் ஏ, எச், ஓ, அரைப்புள்ளி, ஜி, அரைப்புள்ளி, ஜி, எச், இசட், கே, அரைப்புள்ளி என்று அடிக்கிறார். கிளிநொச்சியின் நொ வரும்போது கொம்புக்கு என், ந எழுத்துக்கு ஈ, அரவுக்கு எச். கொம்பு முன்னே அடிக்கப்படுகிறது, முன்னே சேமிக்கவும்படுகிறது.

இந்தப் பழமையிலிருந்து இரண்டு விளைவுகள் வருகின்றன. ஒன்று தீமை, ஒன்று யாரும் எதிர்பாராத நன்மை. தீமை முதலில். அலுவலகம் ஒன்றிலிருந்து கிடைக்கும் எக்செல் தாளில் ஊர்ப் பெயர்கள் அழகான தமிழில் தெரியும். அதைச் சிஎஸ்வி கோப்பாக மாற்றிய உடனே ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகிவிடும். சிஎஸ்வி கோப்பில் எழுத்துரு என்ற செய்தி இல்லை. பாமினி என்ற உடுப்பைக் கழற்றியதும் உள்ளே இருந்த ஏ, எச், ஓ வெளியே தெரிகிறது. வரைபில் பெட்டியும் இல்லாமல், உடைந்த தமிழும் இல்லாமல், அரைப்புள்ளிகள் நிறைந்த ஆங்கிலம் தெரிந்தால் அது மூன்றாவது நோய். இதற்கு எழுத்துருவும் மருந்தல்ல, வடிவமைப்பியும் மருந்தல்ல. தரவை யூனிகோட்டுக்கு மாற்ற வேண்டும். ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் தொகுதியில் அதற்கான செயற்கூறுகள் இருக்கின்றன.

நன்மை இது. மேட்பிளாட்லிப் எழுத்துகளைக் கொடுத்த வரிசையில் அப்படியே ஒட்டுகிறது. பாமினிக்கு வேண்டியதும் அதுவே. ஆகவே யூனிகோட் சொல்லைக் கடைசி நிமிடத்தில் பாமினி வரிசைக்கு மாற்றி, பாமினி எழுத்துருவைக் கொடுத்து வரையச் சொன்னால், நெடுந்தீவும் கோப்பாயும் மு, லூ, டு எல்லாமும் குறையின்றி வரும். புதிய தரத்தில் உடையும் சொல், வழக்கொழிந்துகொண்டிருக்கும் பழைய எழுத்துருவில் நிமிர்ந்து நிற்கிறது. படமாக அச்சிடும் அறிக்கைக்கு இது போதும். ஆனால் அலகுகளையோ வேதிக் குறியீடுகளையோ அதே பெயர்ச்சீட்டில் ஆங்கிலத்தில் எழுத முடியாது. பிடிஎஃப்பில் தேடினால் எதுவும் அகப்படாது. தேட முடியாத தமிழ் பாதித் தமிழ்தான்.

பாமினியைத் தொடாமலே கொம்பை மட்டும் சீர்செய்ய ஒரு சிறு வழி உண்டு. யூனிகோட்டில் ஒகரக் குறியை அதன் இரண்டு கூறுகளாகப் பிரிக்கும் விதி ஏற்கெனவே இருக்கிறது. பைத்தானோடு வரும் யூனிகோட் தொகுதி அதைச் செய்யும். 3018 அங்கே 3014, 3006 என்ற இரண்டாகும், அதாவது கொம்பும் அரவும். அதன்பின் எழுத்தைத் தொடர்ந்து எங்கே ஒற்றைக் கொம்போ இரட்டைக் கொம்போ சங்கிலிக்கொம்போ வந்தாலும், அந்த இரண்டையும் இடம் மாற்றினால் போதும். நான்கைந்து வரி நிரல். க்ஷ போன்ற கூட்டெழுத்துக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும், ஏனெனில் கொம்பு முழுக் கூட்டுக்கும் முன்னால் போக வேண்டும். 15 பெயர்களில் 11ஐக் கெடுத்த கொம்புப் பிழை இப்படி நீங்கும். உகர ஊகாரங்கள் ஒட்டாமலேயே இருக்கும். அரபு மொழிக்காரர்கள் இதே போன்ற வழியால் முழுப் பயன் அடைந்தார்கள், ஏனெனில் அரபு எழுத்தின் ஒவ்வொரு ஒட்டு வடிவத்துக்கும் யூனிகோட்டில் தனி எண் உண்டு. முவுக்கும் லூவுக்கும் அப்படித் தனி எண் இல்லை. தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்ற டேஸ் 16 என்ற குறியேற்றத்தில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் இருந்தது. ஆனால் அது யூனிகோட்டின் தனியார் பகுதியில் அமைந்ததால் பொதுப் பயன்பாட்டில் பரவவில்லை.

வடிவமைப்பைத் தெரிந்தவரிடமே விட்டுவிடுவதுதான் நேரான வழி. வரைபை எஸ்விஜி வடிவில் சேமிக்கும்போது, எழுத்துகளைக் கோடுகளாக மாற்றாதே, எழுத்தாகவே வை என்று ஓர் அமைப்பில் சொல்லலாம். அப்போது கோப்பைத் திறக்கும் உலாவியே கொம்பை முன்னே வைக்கிறது; தேடலும் நகலெடுப்பும் வேலை செய்கின்றன. திறப்பவரின் கணினியில் ஏதாவது ஒரு தமிழ் எழுத்துரு இருந்தால் போதும். அச்சுக்குப் போகும் ஆய்வேடு என்றால், லேடெக் குடும்பத்தின் சீலேடெக் வழியாக வரையச் சொல்லலாம். அதனுள்ளே ஹார்ஃபஸ் இருக்கிறது. எம்பிஎல்கெய்ரோ என்ற மாற்று வரைவியும், ஹார்ஃபஸை அழைக்கும் லிப்ராக் என்ற நூலகத்தின் துணையோடு இதைச் செய்கிறது. ஆய்வேடு எழுதும் மாணவருக்கு சீலேடெக் வழியே மிகச் சிறந்தது. நிறுவுவதற்கு நேரம் எடுத்தாலும், வரைபின் எழுத்தும் ஆய்வேட்டின் எழுத்தும் ஒன்றாகவே அமையும்.

எந்த மருந்தும் இல்லாத நிலை ஒன்றுதான்: கேள்விக்குறிகள். எக்செல்லில் யூனிகோட் தமிழை எழுதி, சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று குறிப்பிடாத சாதாரண சிஎஸ்வியைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு குறியும் ஒரு கேள்விக்குறியாக எழுதப்படும். பெட்டிக்குப் பின்னால் எழுத்து இருக்கிறது. கேள்விக்குறிக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. மூலத் தாளுக்குத் திரும்பிப் போவதைத் தவிர வேறு வழி கிடையாது.

எழுத்துப் பிழை கண்ணுக்குத் தெரியும். வரைபில் அதைவிட ஆபத்தானவை அழகாகத் தெரியும் பிழைகள். குடாநாட்டில் அதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. கிணற்று நீர் போதும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லாத நிலம் இது. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என நான்கு சுண்ணாம்புக்கல் நீர்த்தாங்கிகளில் தேங்கும் மழைநீரே குடிக்கவும் தோட்டத்துக்கும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிளகாய்க்கும் இடும் பசளையும், மலசலகூடக் குழிகளின் கசிவும் சேர்ந்து அந்த நீரில் நைத்திரேற்றைக் கூட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. ஆனால் ஆய்வுகூடங்கள் சில நைத்திரேற்றாகவும் சில அதிலுள்ள நைதரசனாகவும் அளவைத் தருகின்றன. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 4.43 மடங்கு வேறுபாடு. நைதரசன் கணக்கில் 12 என்று வந்த கிணறு, நைத்திரேற்றுக் கணக்கில் 53. அந்த 12ஐ அப்படியே வரைந்து, மேலே 50இல் சிவப்புக் கோடு இழுத்தால், எல்லை தாண்டிய கிணறு மிகப் பாதுகாப்பான கிணறாகத் தெரியும். மேட்பிளாட்லிப் எந்த எச்சரிக்கையும் தராது. தர அதற்கு வழியும் இல்லை.

அதே தரவில் ஒரு கிணற்றுக்கு எண்ணுக்குப் பதில் கண்டறியப்படவில்லை என்ற சொல் எழுதப்பட்டிருக்கலாம். அந்த ஒரு சொல்லால், தரவுக் கோப்பை வாசிக்கும் பாண்டாஸ் நூலகம் அந்த நெடுவரிசை முழுவதையும் எழுத்தாக வாசிக்கிறது. பிறகு 31, 9.8, 12.4 எல்லாம் அளவுகளாக இல்லாமல் பெயர்களாகிவிடும். நிலையச்சில் அவை தோன்றிய வரிசையில் சம இடைவெளியில் அடுக்கப்படும். 31க்கு மேலே 9.8 இருக்கும். அச்சின் எண்கள் நெருங்கிக் கறுப்புப் பட்டையாகத் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

திகதி இன்னொரு பொறி. இலங்கையில் நாளை முதலிலும் மாதத்தைப் பிறகும் எழுதுவது வழக்கம். பாண்டாஸ், சொல்லாவிட்டால், மாதம் முதலில் என்று எடுத்துக்கொள்ளும். 5/12 என்பது டிசம்பர் 5 அல்ல, மே 12 ஆகிவிடும். 25/11 என்பதில் 25ஆம் மாதம் இல்லாததால் அது சரியாக வாசிக்கப்படும். 2023இல் வந்த பாண்டாஸ் 2.0 பதிப்புக்கு முன்பு இந்தக் கலப்பு சத்தமில்லாமல் நடந்தது. இப்போது முதல் வரியின் வடிவத்துக்குப் பொருந்தாத திகதி வந்தால் பிழை காட்டி நிற்கிறது. ஆனால் கோப்பிலுள்ள எல்லா நாட்களும் 12க்குள் இருந்தால் இப்போதும் மௌனமாகவே போகும். யாழ்ப்பாண மழையை அறிந்தவர் இதை வரைபிலேயே பிடித்துவிடலாம். ஆண்டு மழைவீழ்ச்சியின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் விழுகிறது. அந்தக் குவியல் உடைந்து ஆண்டெங்கும் சிறு சிறு பட்டைகளாகப் பரவியிருந்தால் மாறியது காலநிலை அல்ல, நாளும் மாதமும்.

புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருக்கின்றன. ஆழத்தை நிலையச்சில் வைத்து உவர்ப்பை வரைந்தால் மேட்பிளாட்லிப் சுழியத்தைக் கீழே வைத்து மேல்நோக்கி ஏறும். உவர்நீர் மேலே மிதப்பதாகத் தோன்றும். அச்சைத் தலைகீழாக்க ஒரு வரி போதும். அதேபோல, போர்க்காலத்தில் பதிவு நின்றுபோன நிலையம் ஒன்றின் தொடரை வரைந்தால், இல்லாத ஆண்டுகளுக்கான வரிகளே கோப்பில் இல்லாதபோது, இரண்டு முனைகளையும் ஒரு நேர்கோடு இணைத்துவிடும். அளக்காத ஆண்டுகளுக்கு அளவு இருப்பது போலத் தெரியும். அந்த ஆண்டுகளை வெறுமையான மதிப்போடு சேர்த்தால் கோடு அறுந்து நிற்கும். அறுந்து நிற்பதே உண்மை.

சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய் 2019இல் தீர்ப்பு வந்தது. இத்தகைய நீர்த் தரவைப் பார்க்க வேண்டியவர்கள் அந்தக் கிணறுகளில் அள்ளிக் குடிப்பவர்கள். அவர்களுக்குக் காட்டும் வரைபில் தங்கள் ஊர்ப் பெயர் தமிழில், பிழையின்றி இருக்க வேண்டும். எழுத்து உடைகிறது என்பதற்காகப் பெயர்களை ஆங்கிலத்தில் போட்டு முடித்துவிடும் பழக்கத்தை ஏற்க முடியாது. மேலே சொன்ன வழிகளில் எதுவும் ஒரு பிற்பகலுக்கு மேல் எடுப்பதில்லை.

மேட்பிளாட்லிப் உருவாக்குநர்களும் சும்மா இருக்கவில்லை. ஹார்ஃபஸை அழைத்துப் பயன்படுத்தும் லிப்ராக்கை நூலகத்தின் மையத்திலேயே இணைக்கும் பணி 2025இல் தனிக் கிளையில் நடந்தது. இங்கே விவரித்த கொம்புப் பிழை அதற்கு முந்திய பதிப்புகளுக்குரியது. வடிவமைப்பி உள்ளே வந்த பதிப்புக்கு மாறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கையால் கொம்பை முன்னே நகர்த்திய பழைய நிரல் அங்கே புதிய பிழையாகும். கோப்பாயின் தொடக்கத்தில் தனித்து நிற்கும் கொம்பைக் கண்டதும் வடிவமைப்பி, இதற்கு எழுத்து எங்கே என்று புள்ளிவட்டம் ஒன்றை வரையும். கரவெட்டியில் கொம்பு வ எழுத்தை விட்டுவிட்டு முன்னாலிருக்கும் ர எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். நகர்த்தும் செயற்கூறை ஒரே இடத்தில் எழுதி, பதிப்பு எண்ணைப் பார்த்து இயங்கும்படி ஒரு நிபந்தனை வைத்துவிட்டால், மாறும் நாளில் எதையும் நீக்க வேண்டியதில்லை. சரிபார்க்க கோப்பாய், கரவெட்டி, உடுவில், தெல்லிப்பழை ஆகிய நான்கு பெயர்களை வரைந்து பார்க்கலாம்.